யுகுலேலேயில் விரல் தடுமாறினால் எங்கே பார்ப்பது

ஸ்ட்ரம் செய்து பாடிக்கொண்டிருக்கும் வரை யுகுலேலே மிகச் சாதுவான வாத்தியம். நான்கு தந்திகளையும் ஒரே வீச்சில் தடவிவிடுவதால், ஒரு தந்தி சரியாக ஒலிக்காவிட்டாலும் மற்ற மூன்றும் அதை மறைத்துவிடும். விரலால் ஒவ்வொன்றாக மீட்டத் தொடங்கும் நாளில்தான் அந்தச் சாதுவின் மறுபக்கம் தெரியும். இத்தனை நாள் கம்பளத்துக்கு அடியில் தள்ளி வைத்த குப்பை எல்லாம் வெளியே வரும். பலர் அப்போது தம் விரல்களைக் குறை சொல்லிக்கொண்டு வாத்தியத்தைப் பையில் போட்டுவிடுகிறார்கள். விரல்கள் குற்றமற்றவை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவை மீது விழும் பழியில் பாதி வேறு யாரோ சுமக்க வேண்டியது.

முதலில் குறியீடுகள். வாத்தியத்தை அணைத்துப் பிடித்துக் குனிந்து பார்த்தால் முகத்துக்கு அருகில் இருப்பது 4ஆம் தந்தி, ஜி (ஜி, சி, இ, ஏ என்பவை மேற்கத்தியச் சுரப் பெயர்கள்). அடுத்து 3, சி. பிறகு 2, இ. தொடைப் பக்கம் இருப்பது 1, ஏ. எந்தத் தந்தியில் எங்கே அழுத்துவது என்று கோடுகளில் எண் போட்டுக் காட்டும் டேப் தாளில் இது தலைகீழ்: மேல்கோடு 1ஆம் தந்தி, அடிக்கோடு 4ஆம் தந்தி. வலக்கை விரல்களுக்கு ஸ்பானியப் பெயர்களின் முதலெழுத்தைப் போடுவது உலக வழக்கம். அதில் மோதிர விரலின் எழுத்தும் ஏ தந்தியின் எழுத்தும் ஒன்றாகிப் போவதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். ஆகவே நான் க, ஆ, ந, மோ என்றே எழுதிக்கொள்கிறேன்: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல். கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. அதன் எண்கள் 4ஆம் தந்தியில் தொடங்கி 1இல் முடியும்; ஒவ்வொரு எண்ணும் அந்தத் தந்தியை எத்தனையாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) அழுத்துவது என்று சொல்லும், 0 என்றால் அழுத்தாத வெறுந்தந்தி. சி என்றால் 0003, ஏ மைனர் 2000, எஃப் 2010, ஜி7 0212. இந்த நான்கு கார்ட்களும், 4-3-2-1 என்று க ஆ ந மோ வரிசையில் மீட்டும் எளிய பேட்டர்னும் போதும். கீழே வரும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை இவற்றைக் கொண்டே செய்துவிடலாம்.

இன்னொன்று. தவறு காதில் விழுகிற இடத்தில் அது பிறப்பதில்லை. பெரும்பாலும் அதற்கு முந்தைய சுரத்தில் பிறந்திருக்கும். நான்காவது சுரம் தப்பினால் நான்காவதைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பயனில்லை. மூன்றாவதை மீட்டிவிட்டு அப்படியே கையை உறைய வைத்துப் பாருங்கள். மோதிர விரல் தந்திக்கு மேலே காத்திருக்கிறதா, எங்கோ காற்றில் நிற்கிறதா? இடக்கை விரல் இறங்கிவிட்டதா? காரணம் அங்கே தெரியும். கைப்பேசியில் பதிவு செய்து கேட்பது இதற்கு நல்ல துணை. வாசிக்கும்போது நம் காது கையிடம் லஞ்சம் வாங்கிக்கொள்கிறது.

“சுருதி சேர்த்த பிறகும் கசக்கிறது”

இதை முதலில் பார்க்க வேண்டும். சுருதி சரியில்லாத வாத்தியத்தில் மற்ற கோளாறுகளைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவது.

தனியாக வாசிக்கும்போது இனிமையாகவும், பாட்டோடு சேர்ந்து வாசிக்கும்போது கசப்பாகவும் இருந்தால், சுருதி காட்டும் கருவியான டியூனரின் திரையைப் பாருங்கள். ஓரத்தில் ஏ சுரத்தின் அடிப்படை அதிர்வெண் 440 என்று இருக்க வேண்டும். பொத்தானில் கைபட்டு அது 432 என்றோ 445 என்றோ மாறியிருந்தால் நான்கு தந்திகளும் தமக்குள் ஒத்துப்போகும், உலகத்தோடு ஒத்துப்போகாது.

தந்தி தொளதொளவென்று தொங்கினால், அல்லது அறுந்துவிடும் போல விறைத்தால், எழுத்து சரி, ஸ்தாயி தவறு. டியூனர் பலவும் எழுத்தை மட்டும் காட்டும். எந்த ஸ்தாயி என்று சொல்லாது. வழக்கமான சுருதியில் 4ஆம் தந்தி 392 ஹெர்ட்ஸ், 3ஆம் தந்தி 262, 2ஆம் தந்தி 330, 1ஆம் தந்தி 440. அதாவது 4ஆம் தந்தி 1ஆம் தந்தியைவிட ஒரே ஒரு முழுச் சுரம்தான் கீழே. டியூனர் இல்லாமலும் சரிபார்க்கலாம்: 4ஆம் தந்தியை 2ஆம் ஃபிரெட்டில் அழுத்தினால் 1ஆம் தந்தியின் வெறுந்தந்தி ஒலி வர வேண்டும். 3ஆம் தந்தியின் 4ஆம் ஃபிரெட் 2ஆம் வெறுந்தந்திக்குச் சமம். 2ஆம் தந்தியின் 5ஆம் ஃபிரெட் 1ஆம் வெறுந்தந்திக்குச் சமம்.

தந்தி புதிதாக மாட்டியதென்றால் பொறுமைதான் மருந்து. நைலான் வகைத் தந்திகள் முதல் சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் திருகைத் தொட வேண்டியிருக்கும். ஏ.சி. அறையிலிருந்து மொட்டைமாடிக்குப் போனாலும் சுருதி நகரும். இதில் வாத்தியத்தின் மேல் தவறில்லை.

வெறுந்தந்திகள் நான்கும் சரி, ஆனால் கார்ட் பிடித்தால் மட்டும் ஒலி ஏறிவிடுகிறது என்றால் இரண்டு சாத்தியம். ஒன்று, தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள், அல்லது தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறீர்கள். மெல்லிய நைலான் இதற்கு உடனே பதில் சொல்லும். இரண்டு, கழுத்தின் உச்சியில் இருக்கும் நட் உயரமாக இருக்கிறது. தந்தியை 3ஆம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, 1ஆம் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மயிரிழை அளவு இருந்தால் நல்லது. தாளைச் சாதாரணமாக நுழைத்து எடுக்கும் அளவுக்கு இடம் இருந்தால் நட் பள்ளத்தை அரம் போட்டு ஆழப்படுத்த வேண்டும். அதை நீங்களே செய்யாமல் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒரு மில்லிமீட்டர் அதிகம் அரத்தால் தேய்த்துவிட்டால் நட்டையே மாற்ற வேண்டும்.

“வரிசை பிசகவில்லை, ஆனால் கேட்கச் சகிக்கவில்லை”

கித்தாரிலிருந்து வருகிறவர்களுக்கு இது முதல் நாள் முதல் அடி. எனக்கும் அப்படித்தான். முதல் யுகுலேலே வாங்கி வந்து 4-3-2-1 வாசித்தபோது முதல் சுரமே உச்சத்தில் கீச்சிட்டது. 4ஆம் தந்தியைத் தவறாக மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்து, மறுநாள் கடைக்குப் போய் நியாயம் கேட்டேன். கடையில் இருந்த இளைஞர் ஒன்றும் சொல்லாமல் சுவரில் தொங்கிய இன்னொரு யுகுலேலேயை எடுத்து என் கையில் கொடுத்தார். அதுவும் அப்படியே கீச்சிட்டது. மூன்றாவதை எடுக்கும் முன் நானே புறப்பட்டுவிட்டேன்.

கித்தாரில் மேலிருந்து கீழே வரவர ஒலி படிப்படியாக உயரும். யுகுலேலேயில் அந்த ஒழுங்கு இல்லை. மிகத் தாழ்ந்த தந்தி 3ஆவது. 4ஆவது அதைவிட மட்டுமன்றி 2ஆவதைவிடவும் உயர்ந்தது. 17ஆம் நூற்றாண்டின் ஸ்பானியக் கித்தாரிலும் இப்படி வரிசை கலைந்த சுருதி இருந்தது. 1879 ஆகஸ்டில் மதெய்ராத் தீவிலிருந்து கப்பலேறி ஹொனலுலுவில் இறங்கிய போர்த்துகீசிய மரவேலைக்காரர்கள் கொண்டுவந்த சிறு வாத்தியங்களின் வழியில் பிறந்ததுதான் யுகுலேலே. ஆகவே இது கித்தாரின் குட்டி என்று நினைத்துக்கொண்டு வாசித்தால் ஒவ்வொரு பேட்டர்னும் வழுக்கும்.

சி கார்டில் 4-3-2-1 மீட்டிப் பாருங்கள். ஜி, சி, இ, மேல் சி என்று வரும். மேலே தொடங்கி, பள்ளத்தில் விழுந்து, மீண்டும் ஏறுகிறது. இது தவறல்ல, பல பாட்டுகளில் இதுவே அழகு. ஆனால் கட்டைவிரல் தாழ்ந்த ஒலி எழுப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கும் காதுக்கு இது கோணலாகத் தோன்றும்.

சரிசெய்ய மிக எளிய வழி, வரிசையை மாற்றுவது. 3-2-4-1 என்று மீட்டுங்கள்: 3ஆம் தந்திக்குக் க, 2க்கு ஆ, 4க்கு மீண்டும் க, 1க்கு ந. அதே சி கார்டில் சி, இ, ஜி, மேல் சி என்று படிக்கட்டு போல ஏறும். ஜி7இல் டி, எஃப், ஜி, பி என்று ஏறும். கை கித்தார்க்காரரின் கட்டைவிரல் மாற்றாட்டத்தைத்தான் ஆடுகிறது, தொடங்கும் தந்தி மட்டும் வேறு. எனக்குத் தெரிந்து, கித்தாரிலிருந்து வந்தவரை ஒரே மாலையில் சமாதானப்படுத்தும் பேட்டர்ன் இது ஒன்றுதான்.

ஏ மைனருக்கும் எஃப்புக்கும் ஒரு சிறு சங்கடம் உண்டு. இரண்டிலும் 4ஆம் தந்தி 2ஆம் ஃபிரெட்டில் இருக்கும், 1ஆம் தந்தி வெறுந்தந்தி. இரண்டும் ஒரே ஏ. எனவே 3-2-4-1இன் கடைசி இரண்டு சுரங்களும் ஒன்றாக விழும். மீட்டத் தவறிவிட்டோமோ என்று சிலர் பதறுகிறார்கள். தவறவில்லை. அந்த எதிரொலி பிடிக்கவில்லையென்றால் 1ஆம் தந்தியின் 3ஆம் ஃபிரெட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2003 ஆனாலும் அது ஏ மைனரே. 2013 ஆனாலும் எஃப்பே.

இந்த உயர்ந்த 4ஆம் தந்தியைத் தொல்லை என்று மட்டும் பார்க்க வேண்டாம். சங்கராபரணத்தின் ஆரோகணத்தை இப்படி வாசியுங்கள்: ச 3ஆம் வெறுந்தந்தி, ரி அதே தந்தியில் 2ஆம் ஃபிரெட், க 2ஆம் வெறுந்தந்தி, ம அதில் 1ஆம் ஃபிரெட். இனி ப 4ஆம் வெறுந்தந்தி, த 1ஆம் வெறுந்தந்தி, நி 4ஆம் தந்தியின் 4ஆம் ஃபிரெட், மேல் ச 1ஆம் தந்தியின் 3ஆம் ஃபிரெட். மேல் பாதியில் அடுத்தடுத்த சுரங்கள் வெவ்வேறு தந்திகளில் விழுவதால் ஒன்றின் கார்வை அடங்கும் முன் அடுத்தது எழும். கோயில் சரமணி அசைந்த மாதிரி இருக்கும். பழைய ஸ்பானியக் கித்தார்க்காரர்கள் இதற்குச் சிறுமணி என்று பொருள்படும் கம்பனேலா என்றே பெயர் வைத்திருந்தார்கள். மெல்லிசை வாசிக்க விரும்புகிறவர் இந்த ஒரு வரிசையில் ஒரு வாரம் செலவிடலாம், வீண் போகாது.

இத்தனைக்குப் பிறகும் தாழ்ந்த நாதம்தான் வேண்டும் என்றால் லோ ஜி தந்தி வாங்கி மாட்டுங்கள். அது 196 ஹெர்ட்ஸ். இருக்கும் தந்தியையே தளர்த்தி அந்த ஒலியைக் கொண்டுவர முயல வேண்டாம்; துணி காயப்போடும் கொடி போலத் தொங்கும். புதுத் தந்தி தடிமனாக இருப்பதால் நட் பள்ளத்தில் உட்காராமல் போகலாம், அப்போது பள்ளத்தைச் சற்று அகலப்படுத்த வேண்டும். உலோகச் சுற்றுள்ள தந்தியென்றால் விரல் நகரும்போது கிறீச்சிடும். வீட்டில் இரண்டு யுகுலேலே வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தந்திக்காகவே இரண்டாவதை வாங்கியவர்கள்.

கார்ட் வடிவங்கள் எதுவுமே பாட்டோடு பொருந்தவில்லை, வாத்தியமும் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருக்கிறது என்றால், கையில் இருப்பது பாரிடோன் என்னும் பெரிய வகையா என்று பாருங்கள். அதன் சுருதியே வேறு: டி, ஜி, பி, இ.

“கட்டைவிரலும் ஆள்காட்டியும் முட்டிக்கொள்கின்றன”

உங்கள் வலக்கையைக் கண்ணாடியில் பாருங்கள். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற விரல்களுக்குப் பின்னால் நின்றால் முட்டத்தான் செய்யும். கட்டைவிரல் கழுத்துப் பக்கமாகச் சற்று முன்னே நீள வேண்டும். மற்ற விரல்கள் அதற்குப் பின்னே, பிரிட்ஜ் (உடலில் தந்திகளைக் கட்டியிருக்கும் கட்டை) பக்கமாக நிற்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் கட்டைவிரலும் ஆள்காட்டியும் பெருக்கல் குறி போலத் தெரியும். மணிக்கட்டை ஒரு சிறு திருப்பு திருப்பினாலே இந்த நிலை வந்துவிடும்.

விரல் எங்கிருந்து அசைகிறது என்பதும் முக்கியம். நுனிக் கணுவை மட்டும் கொக்கி போல வளைத்துத் தந்தியை வெளியே பிடுங்குகிறவர்களுக்குக் கை முழுவதும் துள்ளும். விரலின் அடிக்கணுவிலிருந்து அசைத்து, மீட்டிய விரல் உள்ளங்கையை நோக்கிப் போய் நிற்கட்டும். கை பொம்மலாட்டம் ஆடுவது நின்றுவிடும். சுண்டுவிரலை மரத்தில் ஊன்றிக்கொள்ளலாமா என்று எப்போதும் கேட்கிறார்கள். கை நிலைக்கும் வரை ஊன்றிக்கொள்ளுங்கள், நிலைத்ததும் எடுத்துவிடுங்கள். ஊன்றிய சுண்டுவிரல் பக்கத்து மோதிர விரலைக் கட்டிப்போட்டுவிடும்.

“ஒரே கார்டில் ஓடுகிறது, கார்ட் மாறும்போது நின்றுவிடுகிறது”

வந்து கேட்பவர்களில் அதிகம் பேருக்கு இருக்கும் நோய் இதுதான். எல்லாரும் செய்யும் சிகிச்சை, கார்ட் மாற்றத்தை வேகப்படுத்துவது. அது தேவையே இல்லை.

ஸ்ட்ரம்மில் எல்லா விரல்களும் ஒரே கணத்தில் இறங்க வேண்டும். விரல் மீட்டலில் அப்படி இல்லை. தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கின்றன, ஆகவே விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் போதும். அந்தத் தந்தியின் முறை வரும்போது விரல் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவே. இதை உணராதவர்கள் நான்கு விரலையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு ஓடி, தாளத்தைத் தவறவிடுகிறார்கள்.

4-3-2-1 பேட்டர்னில் சி, ஏ மைனர், எஃப், ஜி7 என்று சுற்றி வருவதாக வைத்துக்கொள்வோம். இடக்கையைக் கவனியுங்கள்.

சி கார்டில் அழுத்த வேண்டியது 1ஆம் தந்தி மட்டும், அதுவும் நான்காவது சுரத்தில்தான். முதல் மூன்றும் வெறுந்தந்தி. அந்த நேரத்தில் நடுவிரல் சும்மா இருக்கிறது. அது 4ஆம் தந்தியின் 2ஆம் ஃபிரெட்டுக்கு மேலே, தந்தியைத் தொடாமல் காத்திருக்கட்டும். ஏ மைனர் தொடங்கும் கணத்திலேயே அது வேண்டும், ஏனென்றால் அங்கே முதல் சுரமே 4ஆம் தந்தி. இந்தச் சுற்றில் உண்மையிலேயே அவசரமான மாற்றம் இது ஒன்றுதான்.

ஏ மைனரிலிருந்து எஃப்புக்குப் போக நடுவிரல் நகரவே வேண்டாம். ஆள்காட்டி 2ஆம் தந்தியின் 1ஆம் ஃபிரெட்டில் சேர வேண்டும், அதுவும் மூன்றாவது சுரத்துக்குள். எஃப்பிலிருந்து ஜி7க்குப் போகும்போது அந்த ஆள்காட்டி அப்படியே இருக்கும். ஜி7இலும் அதன் இடம் அதுதான். முதல் சுரம் 4ஆம் வெறுந்தந்தி. அது ஒலித்துக்கொண்டிருக்கையில் நடுவிரல் பக்கத்துத் தந்திக்கு இறங்குகிறது. மோதிர விரலுக்கு நான்காவது சுரம் வரை அவகாசம் உண்டு. ஜி7இலிருந்து மீண்டும் சி: மோதிர விரல் 1ஆம் தந்தியைவிட்டு எழ வேண்டாம், 2ஆம் ஃபிரெட்டிலிருந்து 3ஆம் ஃபிரெட்டுக்குச் சறுக்கினால் போதும். அதற்கும் மூன்று வெறுந்தந்திகளின் நேரம் கையில் இருக்கிறது.

இப்படி ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த விரல் தங்குகிறது, எது எந்தச் சுரத்துக்குள் வர வேண்டும் என்று தாளில் ஒரு முறை எழுதிவிடுங்கள். பத்து நிமிட வேலை. பேட்டர்ன் மாறினால் கணக்கும் மாறும்: 3-2-4-1இல் ஜி7இன் முதல் சுரமே 3ஆம் தந்தி என்பதால் நடுவிரல் உடனே வந்தாக வேண்டும்.

அப்படியும் ஒரு மாற்றம் மட்டும் பிடி கொடுக்கவில்லையென்றால், முந்தைய கார்டின் கடைசிச் சுரத்தில் விரல்களை எடுத்துவிட்டு வெறுந்தந்தியாக மீட்டிவிடுங்கள். வேகத்தில் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஓட்டம் நிற்பதுதான் கேட்பவர் காதை உறுத்தும்.

“கிர்ரென்று இரைகிறது”

இரைச்சல் எந்த நேரத்தில் வருகிறது என்று கேளுங்கள். சுரம் பிறக்கும்போதே வந்தால் இடக்கையிலோ வாத்தியத்திலோ கோளாறு. சுரம் முடிகிற நேரத்தில், அடுத்த மீட்டலுக்குச் சற்று முன்னால் வந்தால் வலக்கையைப் பாருங்கள்: அடுத்து மீட்ட வேண்டிய விரலின் நகம், இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும் தந்தி மேல் முன்கூட்டியே போய் உட்காருகிறது. விரல் தந்திக்கு அருகில் காத்திருக்கலாம்; தொடுவதும் மீட்டுவதும் ஒரே செயலாக இருக்க வேண்டும்.

இடக்கையில் பார்க்க வேண்டியவை இரண்டு. விரல் ஃபிரெட் கம்பியை ஒட்டி, அதற்குப் பின்னால் அழுத்துகிறதா, இல்லை இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் மெத்தென்று படுத்திருக்கிறதா? அடுத்த தந்தியைத் தொடுகிறதா? சோப்ரானோ என்னும் சிறிய அளவில் கழுத்து மிகக் குறுகல். தடித்த விரல்காரர்களுக்கு ஜி7 உண்மையிலேயே நெருக்கடிதான். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு விரலைச் செங்குத்தாக இறக்குங்கள். அப்போதும் இடிக்கிறதென்றால் அதைவிடப் பெரிய கான்சர்ட் அல்லது டெனர் அளவுக்கு மாறுவதில் வெட்கமில்லை.

கை தொடாத வெறுந்தந்தியே இரைந்தால் நட் பள்ளம் தேய்ந்து ஆழமாகிவிட்டது என்று பொருள். குறிப்பிட்ட ஒரு ஃபிரெட்டில் மட்டும் இரைந்தால் அடுத்த ஃபிரெட் கம்பி தூக்கிக்கொண்டிருக்கிறது. எங்கே வாசித்தாலும் இரைகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை என்றால், பிரிட்ஜில் முடிச்சுப் போட்ட தந்தியின் வால் நுனி பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். கத்தரித்துவிடுங்கள். அதுவும் இல்லையென்றால் திருகுகளின் அடியில் உள்ள வளையம் தளர்ந்திருக்கும். சட்டைப் பொத்தான் பலகையில் உரசிய கதையும் உண்டு. கழுத்தைப் பிரித்துப் பார்க்கும் முன் சட்டையை மாற்றிப் பாருங்கள்.

“போகப்போக வேகம் கூடிவிடுகிறது”

நான்கு சுரங்களில் நான்காவது எப்போதும் அவசரப்படும். அடுத்த சுற்றின் கட்டைவிரலுக்கு ஓடுகிற ஆர்வத்தில் மோதிர விரலின் சுரத்தை நாமே விழுங்கிவிடுகிறோம்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு சுரம் என்று தொடங்கச் சொல்வது வழக்கமான வைத்தியம், நல்ல வைத்தியமும்தான். அதோடு நம் வீட்டுச் சரக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். மீட்டும்போதே வாய்விட்டுத் தகதிமி சொல்லுங்கள். க ஆ ந மோ, த க தி மி. “மி”யை நீங்கள் முழுதாக உச்சரித்தால் மோதிர விரலும் முழு நேரம் எடுத்துக்கொள்ளும். ஆறு சுரப் பேட்டர்ன் 4-3-2-1-2-3 என்றால் தகிட தகிட. அதில் இரண்டாவது “த” 1ஆம் தந்தியில் விழுகிறது. அதற்குக் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால் மேலே ஒரு மெட்டு மிதப்பது போலத் தோன்றும். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணும்போது எண்களின் நீளம் மாறி மாறி வருகிறது, சொற்கட்டில் அந்தத் தொல்லை இல்லை. மிருதங்கம் தெரிந்தவர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

வேகத்தைக் கூட்டும்போது நான்கு நான்காகக் கூட்டுங்கள். 60இல் தடுமாறியதை 80இல் வாசித்தால் தடுமாற்றம்தான் பழகும்.

“மோதிர விரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை”

யாருக்கும் கேட்காது. அதை நீட்டும் தசைநார் புறங்கையில் அண்டை விரல்களின் தசைநார்களோடு பின்னிக் கிடக்கிறது. மூன்று விரலை மேசைமேல் ஊன்றிக்கொண்டு மோதிர விரலை மட்டும் தூக்கிப் பாருங்கள், தெரியும். தினம் ஐந்து நிமிடம் ந, மோ இரண்டை மட்டும் 2, 1 தந்திகளில் மாற்றி மாற்றி மீட்டலாம். பாட்டு வாசிக்க அவசரமென்றால் அதை விட்டுவிடுங்கள்: க 4, 3 இரண்டையும் பார்த்துக்கொள்ள, ஆ 2, ந 1. யுகுலேலே வாசிப்பவர்களில் மிகப் பலர் ஆயுள் முழுவதும் மூன்று விரலோடு நன்றாகவே வாசிக்கிறார்கள்.

“ஒலி மெலிந்து கேட்கிறது” “வாத்தியம் நழுவுகிறது”

இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் பல முறை காரணம் ஒன்று. வாத்தியத்தை இறுக அணைத்தால் பலகை அதிர முடியாமல் ஒலி அமுங்கும். தளர்த்தினால் கார்ட் மாற்றும்போது கழுத்து கீழே சாயும். இடக்கை அதைத் தாங்கப் போய் விரல்கள் தாமதமாகும். ஒரு தோள்வார் வாங்கி மாட்டுங்கள். அது கற்றுக்குட்டிகளுக்கானது என்ற எண்ணத்தில் இரண்டு வருடம் அது இல்லாமலே கஷ்டப்பட்டேன், இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பிறகு மீட்டும் இடம். பிரிட்ஜை ஒட்டி மீட்டினால் ஒலி மெலிந்து கூர்மையாகும். ஒலித்துளைக்கும் கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கும் நடுவே மீட்டினால் உருண்டு திரண்டு வரும். நகம் வளர்க்க வேண்டிய அவசியமில்லை. வெறும் சதையில் மென்மை, நகத்தில் தெளிவு. நகம் உடைந்து ஒரு விரல் மட்டும் வேறு குரலில் பேசும்போதுதான் பிரச்சினை. அப்போது எல்லா நகத்தையும் வெட்டிவிட்டு மீண்டும் தொடங்குவதே நேர்மை.

“வலிக்கிறது”

இடக்கை விரல் நுனியில் முதல் சில வாரங்கள் எரிச்சல் இருக்கும், தோல் தடித்ததும் போய்விடும். மணிக்கட்டில் வலி, விரலில் மரத்துப்போதல், முழங்கையில் குறுகுறுப்பு என்றால் அன்றைக்கு வாத்தியத்தைக் கீழே வைத்துவிடுங்கள். மறுநாளும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். வலியோடு பழகினால் கை உறுதியாகும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

“பாடத் தொடங்கினால் விரல் நின்றுவிடுகிறது”

பேட்டர்ன் இன்னும் கைக்கு இறங்கவில்லை, தலையில்தான் இருக்கிறது என்பதன் அடையாளம். சோதித்துப் பார்க்க, மீட்டிக்கொண்டே வீட்டில் உள்ளவரிடம் நாளைக்கு என்ன சமையல் என்று பேசுங்கள். பேச்சில் விரல் நின்றால் பாட்டில் கட்டாயம் நிற்கும். பேச முடிகிற வரை பாட வேண்டாம்.

பேச வந்த பிறகு, சொல்லில்லாமல் மெட்டை மட்டும் முனகுங்கள். அது ஓடியதும், ஒவ்வொரு வரியிலும் கட்டைவிரலோடு சேர்ந்து விழும் அசையை மட்டும் பாடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். பல தடுமாற்றங்களுக்குக் காரணம் இங்கே தெரியவரும்: பாட்டு தாளத்தின் முதல் தட்டில் எடுப்பதில்லை, அரை இடம் தள்ளியோ முன்கூட்டியோ எடுக்கிறது. வாய் எடுக்கும் இடத்தில் கட்டைவிரலும் கூடவே ஓடிப்போய் மீட்டிவிடுகிறது. அந்த வரியின் சொற்களுக்குக் கீழே, கட்டைவிரல் விழும் அசையில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பாடும்போது புள்ளிகளை மட்டும் பாருங்கள். இரண்டாவது நாள் புள்ளி தேவைப்படாத வரிகளில் அவற்றை அழித்துவிட்டு, அழிக்க முடியாத வரியை மட்டும் தனியே எடுத்து 50இல் வாசியுங்கள்.